பாடுவோரும் கேட்போரும்

தைத் திங்கள் பிறந்துவிட்டால் திண்டுக்கல் நகரின் சாலைகளுக்கு இரவிலும் உறக்கம் இல்லை. பழனிக்கு நடந்து செல்லும் அடியார்கள் கூட்டங் கூட்டமாக வந்துகொண்டேயிருப்பர். நத்தம் வழியாகக் காரைக்குடிப் பக்கத்தாரும், மதுரைச் சாலை வழியாகத் தென்பாண்டி நாட்டாரும் வருவர். மலைக்கோட்டைப் பாறை கண்ணில் பட்டதும் அவர்கள் நடையில் ஒரு விரைவு தோன்றும். பழனி இன்னும் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஆயினும், முருகன் மலை அடுத்த தெருவில் இருப்பது போலவே பேசிக்கொள்வர். அவர்களுக்குச் சுக்குநீரும் சோறும் தருவது எங்கள் தெருவாரின் பழைய வழக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு, அறுபது வயதைக் கடந்த உழவர் ஒருவர் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, காலிலுள்ள கொப்புளங்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். உடன் வந்தோருள் பலர் உறங்கிவிட்டனர். அவர் மெல்லப் பாடத் தொடங்கினார். அச்சிட்ட பாட்டுப் புத்தகங்களில் நான் கண்ட பாட்டன்று அது. கிணறு வற்றியதும், கடனுக்கு மாடு போனதும், நோயுற்ற மகள் பிழைத்தெழுந்ததும் அதில் இருந்தன. ஓரிடத்தில் முருகனை உரிமையோடு ஏசினார். ஓரிடத்தில் குரல் அடைத்து நின்றார். பாட்டு முடிந்ததும் ஒருவரும் பேசவில்லை. சுக்குநீர் ஊற்றிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மையார் மட்டும், "அண்ணே, அதை இன்னொரு முறை பாடுங்கள்" என்றார்.

உழவர் நிமிர்ந்து பார்த்தார். "நானே கட்டிய பாட்டு, அம்மா. இதுவரை யாரும் கேட்டதில்லை" என்று கூச்சத்தோடு சொன்னார், பிறகு பாடினார். இரண்டாம் முறை பாடியபோது, முதல் முறை இல்லாத இரண்டு கண்ணிகள் புதிதாக வந்தன. மனைவியை இழந்த துயரத்தைச் சொல்பவை அவை. முன்பு அவற்றை நமக்குக் காட்டாமல் வைத்திருந்தார் போலும்.

என் செவி பண்டிதச் செவி. எதுகை தவறிய இடத்தையும், சந்தி கெட்ட இடத்தையும் அது தானாகவே எண்ணிக்கொண்டிருந்தது. அன்று அந்த அம்மையார் முந்திக்கொண்டார். நான் முந்தியிருந்தால் அந்த இரண்டு கண்ணிகளும் வெளியே வந்திரா. இதனை ஊகமாகச் சொல்லவில்லை. ஒருமுறை நான் முந்திப் பேசியதன் விளைவை அறிந்தே சொல்கிறேன்.

மதுரை மாவட்டத்திலிருந்து திண்டுக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது 1985ஆம் ஆண்டில். அதற்கு இரண்டொரு ஆண்டுகளுக்குப் பின் நடந்தது இது. நான் புதிதாகத் தமிழாசிரியர் பணியில் அமர்ந்திருந்தேன். யாப்பருங்கலக் காரிகையும் நன்னூலும் நுனிநாவில் இருந்த காலம். அவற்றை அறியாதார்மேல் இரக்கம் இல்லாத காலமும் அதுவே. பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன், பூட்டுப் பட்டறையில் வேலை செய்பவரின் மகன், மாலை மணி அடித்தபின் ஒரு குறிப்பேட்டை என்னிடம் நீட்டினான். உள்ளே இருபது பாடல்கள் இருந்தன. தாயார் நோயில் கிடந்தபோது பழனிக்கு நடந்து போய் வந்தானாம். வழியில் மனத்துள் எழுந்தவற்றை வீடு திரும்பி எழுதி வைத்தானாம். "படித்துப் பாருங்கள், ஐயா" என்றான்.

நான் படித்தேன், சிவப்பு மையுடன் படித்தேன். விருத்தமாகத் தொடங்கிய பாடலில் சீர்கள் அடிக்கு அடி கூடிக் குறைந்தன. அவற்றையெல்லாம் வட்டமிட்டேன். வெண்பா என்று தலைப்பிட்ட ஒன்றில் தளை தட்டிய இடங்கள் பதினொன்று. அந்த எண்ணிக்கையை ஓரத்தில் குறித்தேன். மறுநாள் குறிப்பேட்டைத் திருப்பித் தந்து, "முதலில் யாப்பிலக்கணம் கற்றுக்கொள்; பிறகு எழுதலாம்" என்று அறிவுரையும் கூறினேன். "சரி, ஐயா" என்று வாங்கிக்கொண்டு போனான். அதன் பின் எத்தனையோ முறை என் வகுப்பில் அமர்ந்தான், குறிப்பேட்டைக் கொண்டுவரவில்லை. நான் கூறிய குற்றங்களுள் ஒன்றும் பொய்யன்று. ஆனால் அவன் தாயார் பிழைத்தாரா என்று நான் கேட்கவில்லை. அப்பாடல்கள் முழுவதும் அதைப் பற்றியே இருந்தன.

இறைவனிடம் தனிமையில் பேசியதைப் பாட்டாக்கி மற்றொருவர் முன் வைப்பது எளிய செயலன்று. ஊர்க்கோயிலைப் பற்றியோ ஆற்றின் அழகைப் பற்றியோ பாடுவோர்க்கு அவ்வளவு கூச்சம் இல்லை. தம் அச்சத்தையும் ஐயத்தையும் நன்றியையும் பாடுவோர், வீட்டின் உள்ளறைக் கதவைத் திறந்து நிற்பவர் போன்றவர். அவர்க்குக் கேட்போரின் ஊக்கம் வேண்டும் என்பதை யாவரும் ஒப்புவர். ஊக்கம் என்றால் என்ன என்பதில்தான் நம்மவர் தவறுகின்றனர். புகழ்வதையே ஊக்குவது என்று கருதுகின்றனர். என் கருத்து அதுவன்று. புகழ்ச்சி பாடியவரை நோக்கிப் போவது. ஊக்கம் பாட்டை நோக்கிப் போவது. முன்னது இன்றியும் பின்னதைத் தரலாம். முன்னது மிகுந்தால் பின்னதற்குக் கேடும் உண்டு. இதற்கு நம் நாட்டிலேயே பெரியதொரு சான்று இருக்கிறது.

எங்கள் ஊர் வழியே மக்கள் பழனிக்கு நடக்கும் அதே தைப்பூச நாளில், வடலூரில் சத்திய ஞான சபையில் சோதி வழிபாடு நடைபெறுகிறது. 1872ஆம் ஆண்டுத் தைப்பூசத்தில் அதனைத் தொடங்கியவர் இராமலிங்க அடிகள். சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823ஆம் ஆண்டில் பிறந்து, சென்னையில் வளர்ந்தவர். இளமையிலேயே கந்தகோட்டத்து முருகன் முன்னும், திருவொற்றியூர்ச் சிவபெருமான் முன்னும் நின்று பாடினார். பாடல் ஒன்று இரண்டல்ல, ஆயிரக்கணக்கானவை. தம் குற்றங்களை எடுத்துரைத்தும், அருளை வேண்டியும், சில வேளை இறைவனோடு ஊடியும் பாடியவை அவை. அவற்றை ஏட்டிலும் தாளிலும் எழுதி வைத்தார். அச்சிட வேண்டும் என்று எண்ணவில்லை. அச்சுத் தொழில் அவர் அறியாததன்று. 1851இல் ஒழிவிலொடுக்கத்தையும், 1855இல் தொண்டைமண்டல சதகத்தையும், 1857இல் சின்மய தீபிகையையும் பதிப்பித்தவர் அவரே. பிறர் நூல்களை அச்சேற்றியவர்க்குத் தம் நூலை அச்சேற்ற மனம் வரவில்லை.

மனத்தை மாற்றியவர்கள் அன்பர்களே. இறுக்கம் இரத்தின முதலியார், புதுவை வேலு முதலியார், சிவானந்தபுரம் செல்வராய முதலியார் ஆகியோர் 1860ஆம் ஆண்டளவில் பாடல்களைத் திரட்ட முற்பட்டனர். அடிகள் அப்போது சென்னையை விட்டு நீங்கி, வடலூர்க்கு அண்மையிலுள்ள கருங்குழியில் தங்கியிருந்தார். இரத்தின முதலியார் மீண்டும் மீண்டும் கடிதம் எழுதிக் கேட்டார். விடை தாழ்ந்தது. பாடல்கள் கைக்கு வந்து சேரும்வரை நாளுக்கு ஒருவேளை உணவே கொள்வது என்று நோன்பு பூண்டார். அதனை அறிந்த அடிகள் மனம் பொறாமல், பாடல்களைத் தர இசைந்து, அந்நோன்பைக் கைவிடுமாறு வேண்டிக் கடிதம் விடுத்தார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். பசித்தவர்க்குச் சோறிடுவதையே பெரும் அறமாகக் கொண்டு, 1867இல் வடலூரில் தருமசாலை திறந்த ஒருவரை, தம் பாட்டுக்காக ஒருவர் பசித்திருக்கிறார் என்ற செய்தி அசைத்ததில் வியப்பில்லை.

இரத்தின முதலியார் என்ன செய்தார் என்பதைச் சற்றே நின்று நோக்க வேண்டும். பாடல்கள் எவ்வளவு உயர்ந்தவை என்று அவர் நீண்ட பாராட்டுரை எழுதியிருந்தால், அடிகள் அதனை ஒதுக்கியிருப்பார். 'எனக்கு இவை வேண்டும்' என்றே அவர் உணர்த்தினார். திண்ணையில் அந்த அம்மையார் கேட்டதும் அதுவே. படிப்பவர் ஒருவர்க்கு ஒரு பாட்டு வேண்டியிருக்கிறது என்று தெரிவதைவிடப் பெரிய ஊக்கம் பாடியவர்க்கு வேறில்லை.

1867ஆம் ஆண்டில் நான்கு திருமுறைகள் அச்சாகி வெளிவந்தன. நூலைத் தொகுத்து முறைப்படுத்தியவர் அடிகளின் மாணாக்கரான தொழுவூர் வேலாயுத முதலியார். பொருளுதவி செய்தோருள் மயிலை சிக்கிட்டிச் செட்டியார் குறிப்பிடத்தக்கவர். ஐந்தாம் திருமுறை 1880இலும், ஆறாம் திருமுறை 1885இலும் வந்தன. அடிகள் 1874ஆம் ஆண்டிலேயே மேட்டுக்குப்பத்து அறையுள் புகுந்து மறைந்துவிட்டார். இத்தொண்டர்கள் இல்லையேல் அப்பாடல்களுள் எவ்வளவு நமக்கு எஞ்சியிருக்கும் என்று சொல்ல இயலாது.

ஆயினும், இதே அன்பர்கள் வேறொன்றும் செய்தனர். தம் பெயரை 'இராமலிங்கசாமி' என்று வழங்குவது ஆரவாரமாகத் தோன்றுகிறது. அவ்வாறு வழங்க வேண்டாம் என்று அடிகள் எழுதியிருந்தார். அன்பு மிகுதியால் வேலாயுத முதலியார் அதனினும் பெரிய பெயரை அச்சிட்டார்: திருவருட்பிரகாச வள்ளலார். நூலுக்குத் 'திருவருட்பா' என்றும், அதன் பகுதிகளுக்குத் 'திருமுறை' என்றும் பெயர் வைத்தார். சைவர்க்குத் திருமுறை என்பது தேவார திருவாசகங்கள் முதலாய பன்னிரண்டையே குறிக்கும் சொல். எதிர்ப்பு எழுந்தது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் பக்கத்தார் 1869ஆம் ஆண்டில் 'போலியருட்பா மறுப்பு' என்ற நூலை வெளியிட்டனர். அவ்வாண்டிலேயே வழக்கு மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. பின்னும் பல்லாண்டுகள் கண்டன நூல்கள் இரு பக்கத்திலிருந்தும் பறந்தன.

நாவலரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. தமிழ் உரைநடைக்கும் பதிப்புத் துறைக்கும் அவர் செய்த தொண்டினைப் பண்டிதர் எவரும் மறவார். அப்பூசலில் இரு திறத்தாரும் சொன்ன கடுஞ்சொற்களை நான் இங்கே எடுத்துரைக்கப் போவதுமில்லை. நான் சொல்ல வருவது இது: அச்சண்டையில் பெரும்பகுதி அடிகளின் பாட்டைப் பற்றியதாக இல்லை, அன்பர் சூட்டிய பெயரைப் பற்றியதாக இருந்தது. பாட்டைக் கேட்டுப் பெற்ற அன்பு நாட்டுக்கு ஒரு நூலைத் தந்தது. பட்டம் சூட்டிய அன்பு நூலாசிரியர்க்கு ஒரு வழக்கைத் தந்தது. இரண்டும் ஒரே நெஞ்சங்களிலிருந்து எழுந்தவையே!

அப்பூசல் பிற்காலத்தில் மீண்டும் மூண்டபோது, அருட்பாவின் பக்கம் நின்று மேடையேறியவர்களுள் ஒருவர் நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர். அவர் இசுலாமியர்; சதாவதானி. தம் சமயத்தைச் சாராத ஒருவரின் பாடல்களை இவ்வளவு பரிவோடு படித்திருக்கிறாரே என்று நான் வியந்ததுண்டு. சமயம் வேறாயினும் ஒருவர் மனம் இறைவன்முன் உருகுவதை மற்றொருவர் அறிய இயலும். எங்கள் ஊரில் பள்ளிவாசல் தெருவாரும் தேவாலயத் தெருவாரும் பழனிக்கு நடப்போர்க்குத் தண்ணீர் தருவதை நான் பார்த்திருக்கிறேன்.

'அப்படியாயின், குற்றம் கூறவே கூடாதோ? இலக்கணம் எதற்கு? பண்டிதர்க்கு வேலைதான் என்ன?' என்று என் பழைய தோழர்கள் கேட்பர். நியாயமான கேள்வியே. நம் முன்னோர் நூலை அரங்கேற்றியதே தடை விடைகளுக்கு இடம் தருவதற்காகத்தான். காஞ்சிக் குமரகோட்டத்தில் கந்தபுராணம் அரங்கேறியபோது, முதற் செய்யுளின் முதற் சந்தியிலேயே தடை எழுந்தது என்றும், மறுநாள் ஒருவர் வீரசோழியத்தைக் கொண்டுவந்து விதி காட்டினார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. கச்சியப்பர் போன்ற புலமையாளர்க்கு அத்தகைய தடை உரம். பத்தாம் வகுப்பு மாணவனுக்கு அதே தடை உறைபனி. பயிருக்கு ஏற்றபடி எரு இடுவதை எங்கள் பக்கத்து வெங்காயத் தோட்டத்தார் அறிவர். நான் அன்று அறிந்திலேன்.

வரிசை ஒன்று உண்டு என்பதே என் கருத்து. முதலில் கேட்டல்; பின்னர்த் திருத்தல். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இதனைத் தம் வாழ்விலேயே கற்றார். கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையை இயற்றிப் பிள்ளையவர்களிடம் சிறப்புப் பாயிரம் வேண்டினார். அதில் இலக்கண வழுக்கள் மலிந்திருத்தலால் பிள்ளையவர்கள் பாயிரம் தராமல் நாள் கடத்தினார். பாரதியார் பலமுறை நடந்தார். ஒருநாள் பகலில் பிள்ளையவர்கள் வீட்டினுள்ளே ஓய்வாகப் படுத்திருக்க, பாரதியார் திண்ணையில் அமர்ந்து தம் கீர்த்தனங்களைத் தமக்குத் தாமே பாடிக்கொண்டிருந்தார். உள்ளே கேட்டுக்கொண்டிருந்தவர் மனம் கரைந்தது. எழுந்து வந்து, அதுகாறும் காக்க வைத்ததற்கு வருந்திப் பாயிரம் தந்தார். இதனை எழுதி வைத்தவர் பிள்ளையவர்களின் மாணாக்கராகிய உ. வே. சாமிநாதையர். வழுக்கள் முன்னர் இருந்தபடியே இருந்தன. கண்ணால் படித்தபோது வழு தெரிந்தது. செவியால் கேட்டபோது நந்தனார் தெரிந்தார். அவ்வளவு பெரிய புலவர்க்கே திண்ணைப் பாட்டைக் கேட்கும் நேரம் வாய்த்த பின்னர்தான் மனம் திறந்தது என்றால், என் போன்ற சிறு பண்டிதரைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது!

பணி ஓய்வு பெற்ற பின், என் மனைவி ஆறு திங்கள் நோயில் கிடந்தாள். மருத்துவமனையிலிருந்து திரும்பும் மாலைகளில், அபிராமி அம்மன் கோயில் மண்டபத்தில் சற்று அமர்ந்துவிட்டு வீடு செல்வேன். நாற்பது ஆண்டுகள் பிறர் பாட்டுக்கு உரை சொன்னவன், அங்கே முதன்முதலாக எனக்கென்று பாடினேன். முப்பது விருத்தங்கள் ஆயின. மனைவி தேறி எழுந்தாள். விருத்தங்கள் அலமாரியில் இருந்தன. என்னோடு புலவர் வகுப்பில் பயின்ற நண்பர் ஒருவரிடம் ஒருநாள் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒரே அமர்வில் படித்து முடித்தார். "சீரும் தளையும் செம்மையாக உள்ளன, ஒரு பிழையும் இல்லை" என்று கூறித் திருப்பித் தந்தார். வேறொன்றும் கூறவில்லை. காபி அருந்திவிட்டு, அரசு அறிவித்த அகவிலைப்படியைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நண்பர்மேல் சினம் இல்லை. சிவப்பு மையுடன் ஒரு குறிப்பேடு நினைவில் வந்து நின்றது.

அந்த மாணவர் இப்போது ஐம்பது வயதைக் கடந்தவர். தந்தையின் தொழிலையே செய்கிறார். எங்கள் வீட்டு முன்கதவின் பழைய மாங்காய்ப் பூட்டுப் பழுதுற்றபோது, அவர் பட்டறைக்கே எடுத்துச் சென்றேன். அரத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று வணங்கினார். பூட்டைப் பிரித்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தவரிடம், "பாட்டு எழுதுகிறீர்களா?" என்று கேட்டேன். "அன்றோடு விட்டுவிட்டேன், ஐயா" என்றார். குரலில் குறை ஏதும் இல்லை. பழைய கணக்கு ஒன்றைச் சொல்வது போலச் சொன்னார். "தாயார்?" என்றேன். "அந்த ஆண்டே போய்விட்டார்கள்" என்றார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தாழ்ந்து வந்த கேள்விக்கு அப்படி விடை கிடைத்தது.

அடுத்த வாரம் பூட்டை வாங்கச் சென்றபோது, என் முப்பது விருத்தங்களையும் எடுத்துச் சென்றேன். "நேரம் கிடைக்கும்போது படித்துப் பாருங்கள்" என்று கொடுத்தேன். கைகளில் எண்ணெய்க் கறை இருந்ததால், ஒரு செய்தித்தாளில் சுற்றி வாங்கி, மேல் தட்டில் வைத்தார். இது நடந்து மூன்று வாரம் ஆகிறது. இரண்டுமுறை அவ்வழியே நடந்து சென்றேன், அவரிடம் கேட்கவில்லை. குறிப்பேடு இன்னும் அவரிடமே இருக்கிறது.